லாக் ஓபரான் விடைகளில் அடிக்கடி வரும் தவறுகள்

லாக் ஓபரான் என்பது, ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் லாக்டோஸை (பால் சர்க்கரையை) பயன்படுத்தத் தேவையான புரதங்களைத் தரும், ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் ஜீன் தொகுதி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளின் உயிரியல் விடைத்தாளைத் திருத்துகிறவர்களுக்கு இந்த வரி நன்றாகவே பழக்கம்: "லாக்டோஸ் இல்லையென்றால் நொதி உற்பத்தி முழுவதுமாக நின்றுவிடும்." இயக்கியின் (ஜீன்களைத் திறந்து மூடும் டிஎன்ஏ பகுதியின்) மேல், உற்பத்தியைத் தடுக்கும் அடக்கிப் புரதம் உட்கார்ந்திருக்கிற படமும் அழகாகப் போட்டிருப்பார்கள். படம் சரி, வரி தவறு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஈ.கோலை செல்லுக்குள் லாக்டோஸ் நுழைய பெர்மியேஸ் என்ற கடத்திப் புரதம் வேண்டும். அதைத் தருவது லாக் ஒய் ஜீன். உள்ளே வந்த லாக்டோஸ் நேராகப் போய் அடக்கியைப் பிடிப்பதும் இல்லை. பீட்டா கேலக்டோசிடேஸ் என்ற நொதி அதில் ஒரு பகுதியை அல்லோலாக்டோஸாக மாற்றுகிறது, அதுதான் அடக்கியைப் பிடித்து விலக்கும் தூண்டி. அந்த நொதியைத் தருவது லாக் இசட். இரண்டு ஜீனும் இதே ஓபரானில்தான் இருக்கின்றன. உற்பத்தி பூஜ்யம் என்றால், எவ்வளவு லாக்டோஸ் வந்தாலும் எதுவுமே தொடங்காது! அடக்கி அவ்வப்போது இயக்கியை விட்டு விலகுகிறது. அந்த இடைவெளியில் சில மூலக்கூறுகள் உருவாகிவிடுகின்றன. தூண்டல் கிடைத்த பிறகு நொதியின் அளவு சுமார் 1000 மடங்கு ஏறும். ஆகவே "மிகக் குறைவாக நடக்கும்" என்று எழுதுங்கள்.

அடுத்தது, அடக்கி விலகினாலே உற்பத்தி முழு வேகத்தில் நடக்கும் என்ற நினைப்பு. அடக்கியே இல்லாத ஒரு திரிபு செல்லைக் குளுக்கோஸ் நிறைந்த ஊடகத்தில் வைத்தால்? குளுக்கோஸ் இருக்கும்போது செல்லில் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு குறைவு. அது இல்லாமல், உற்பத்தியை வேகப்படுத்தும் சிஏபி புரதம் ஊக்குவிப்பியின் (ஜீனைப் படிக்கத் தொடங்கும் இடத்தின்) அருகே உட்காராது, ஜீனைப் படிக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸுக்கும் அங்கே பிடிப்பு போதாது. உற்பத்தி நடக்கும், ஆனால் மந்தமாக. 1961இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஜாகோபும் மோனோவும் விளக்கியது தடை விலகும் பாதியை. சிஏபியின் பங்கு பின்னாளில்தான் தெரியவந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் இந்தக் கேள்வியைத் தொடக்கூடாது.

ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க உதவும் ட்ரிப் ஓபரானை லாக் மாதிரியே எழுதிவிடாதீர்கள். அங்கே ட்ரிப்டோஃபேன் வந்து சேர்ந்தால்தான் அடக்கிக்கு வேலை செய்யும் வலு வரும்.

அப்புறம், ஆர்க்கியா என்ற உட்கரு இல்லாத ஒற்றைச் செல் உயிரிகளின் ஜீன் கட்டுப்பாடு. "பாக்டீரியா போலவே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் மாடு வைத்திருக்கும் வீட்டில் சாண எரிவாயுக் கலன் இருந்தால், அதில் மீத்தேனை உண்டாக்குபவை ஆர்க்கியாதான், பாக்டீரியா அல்ல. 1977இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இவற்றைத் தனிப் பிரிவாகக் காட்டியதே மீத்தேன் உண்டாக்கிகளை ஆராய்ந்துதான். பாலிமரேஸை ஊக்குவிப்பியில் கொண்டுசேர்க்கும் பாக்டீரியாவின் சிக்மா காரணி இவற்றில் கிடையாது. டிபிபி, டிஎஃப்பி என்ற புரதங்கள் ஊக்குவிப்பியில் அமர்ந்து பாலிமரேஸை வரவழைக்கின்றன. இது நம் செல்களின் முறைக்கு நெருக்கமானது. சரி, அப்படியானால் "நம்மைப் போலவே" என்று எழுதலாமா? அதுவும் தவறு. இவற்றிலும் பல ஜீன்கள் ஓபரான்களாகவே இருக்கின்றன, அடக்கிப் புரதங்களில் பலவும் பாக்டீரியா வகையைச் சேர்ந்தவை. டிபிபி உட்கார வேண்டிய இடத்தையே மறைத்துக்கொண்டு ஜீனை அடக்குபவையும் அவற்றில் உண்டு.