கால், வயிறு, ஒன்றுக்கு: பெர்லினில் நண்பனுக்கு ஊர் காட்டுவது எப்படி

பெர்லினில் இரண்டு வருடப் படிப்பை மூன்றாவது வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். இதற்குள் ஏழு பேருக்கு ஊர் சுற்றிக் காட்டியாகிவிட்டது. முதலில் வந்தவரை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஒரே நாளில் பதினோரு இடம். சாயங்காலம் பிராண்டன்பர்க் வாசல் முன்னால் நிறுத்தி, இது 1791-இல் கட்டி முடித்தது என்று ஆரம்பித்தேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி, எங்கயாச்சும் உக்காருவமா?" என்றார்.

அன்றிலிருந்து மூன்றே விஷயத்தைத்தான் கவனிக்கிறேன்: வந்தவரின் கால், வயிறு, ஒன்றுக்குப் போக இடம். கால் வலிக்கிறவனிடம் எந்தச் சரித்திரமும் எடுபடாது.

போன நவம்பரில் கல்லூரி நண்பன் வந்தான். மணப்பாறைக்காரன், வேலை சென்னையில். கம்பெனி அவனை இரண்டு வாரப் பயிற்சிக்கு ஃபிராங்க்ஃபர்ட் அனுப்பியிருந்தது. பயிற்சி முடிந்த கையோடு வியாழன் வந்து ஞாயிறு ராத்திரி கிளம்பினான். அந்த நாலு நாளை வைத்தே சொல்கிறேன். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் பாதியாவது பொருந்தும்.

வருவதற்கு முன்

ஊரில் பெட்டி கட்டும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி, "உனக்கு என்னடா கொண்டுவரட்டும்?" வெட்கப்படாமல் பொடி வகையறாக்களைச் சொல்லுங்கள். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி. நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுத்தது விமான நிலையக் குப்பைத் தொட்டிக்குப் போவதை யாரும் பார்க்க வேண்டியதில்லை.

உடை விஷயத்தில் உறுதியாக இருங்கள். "சென்னையில வாங்குன ஜெர்கின் இருக்கு" என்பான். அது ஊட்டிக்குத்தான் சரி. நவம்பர் பெர்லினில் குளிரைவிடக் காற்றுதான் ஆளை அடிக்கும். என்னிடம் ஒரு பழைய கோட்டு, உபரியாகக் கையுறை, குல்லாய் எல்லாம் இருக்கின்றன. வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே கோட்டில்தான் படம் எடுத்திருக்கிறார்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால் கோட்டுதான் ஊர் சுற்ற வந்ததுபோல இருக்கும்.

நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாக்கின் கண்ணாடிக் குவிமாடத்துக்கு மேலே ஏறிப் பார்ப்பது இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். வருகிறவர்களின் பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்பார்கள். நாள் முடிவான உடனே இணையத்தில் போட்டுவிடுங்கள். போகிற அன்றைக்குப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், போனில் இருக்கும் படம் போதாது.

அறைவாசிகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பகிர்ந்து வாழும் வீட்டில் நாலு நாளைக்கு ஒரு ஆள் கூடுவது பெரிய விஷயம். குளியலறைதான் சண்டைக்களம்.

வந்து இறங்கியதும்

பெர்லின் மத்திய ரயில் நிலையத்தில், "ஸ்டேஷன்ல நிப்பேன் மாப்ள" என்று சொல்லாதீர்கள். 2006-இல் திறந்த அந்த நிலையத்தில் ரயில்கள் இரண்டு மட்டத்தில் ஓடுகின்றன. பிளாட்பாரம் 1 முதல் 8 வரை தரைக்கு அடியில், 11 முதல் 16 வரை தலைக்கு மேலே. நான் மேலே, அவன் கீழே, இருவரும் "இங்கதான்டா நிக்கிறேன்" என்று இருபது நிமிடம் போனில் சத்தியம் செய்துகொண்டிருந்தோம். பிளாட்பார எண்ணையும் ரயில் பெட்டி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து பயணச்சீட்டு. இதில் மாணவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. நம்மிடம் செமஸ்டர் சீட்டு உண்டு, ஆறு மாதமும் எதையும் யோசிக்காமல் ஏறி இறங்கிப் பழகியிருப்போம். இங்கே ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் நிறுத்த மாட்டார்கள். காகிதச் சீட்டு வாங்கினால் பிளாட்பாரத்தில் இருக்கும் சிவப்பு அல்லது மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத சீட்டு செல்லாத சீட்டு. அவனுக்கு நானே வாங்கிக்கொடுத்தேன், குத்தச் சொல்ல மறந்துபோனேன். மூன்றாவது ஸ்டேஷனில் சாதாரண உடையில் இருந்த இரண்டு பேர் எழுந்து அட்டையைக் காட்டினார்கள். 60 யூரோ அபராதம். தப்பு என்னுடையது, நானே கட்டினேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். யூரோவை ரூபாயாக்க நூறால் பெருக்குகிறான் என்று தெரிந்தது.

இந்தப் பெருக்கல் வியாதிக்கு முதல் நாளே வைத்தியம் பார்த்துவிடுங்கள். ஒரு காபிக்கு 400 ரூபாயா என்று ஆரம்பித்தால் நாலு நாளும் தொண்டையில் எதுவும் இறங்காது. நம் பக்கத்து நிலைமையையும் மறைக்க வேண்டாம். ப்ளாக்ட் அக்கவுண்டிலிருந்து, அதாவது முன்பே பணம் போட்டுப் பூட்டிவைத்து மாதாமாதம் மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து, எனக்கு மாதம் 992 யூரோ வரும், அதில் வாடகையும் காப்பீடும் போக என்ன மிஞ்சும் என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் சாப்பாடு என் செலவு, அப்புறம் பாதிப் பாதி. சொன்ன பிறகு இருவருக்குமே லேசாகிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்று என்று சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது குளியலறை. இங்கே தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. திரையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டுதான் குளிக்க வேண்டும். வெளியே சிந்தினால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். கழிவறையில் குழாய் இருக்காது. காலியான தண்ணீர் பாட்டில் ஒன்றை அங்கே வைத்துவிட்டு, "அது உனக்குத்தான்" என்று மட்டும் சொல்லுங்கள், அவனே புரிந்துகொள்வான். ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரம் கடுகு வெடிப்பதையெல்லாம் மன்னிக்காது.

முதல் நாள் வேறு எங்கும் கூட்டிப் போகாதீர்கள். தெருமுனை வரை போய் வந்தால் போதும். அந்த நூறு அடியிலேயே கற்றுக்கொடுக்க நிறைய இருக்கிறது. நடைபாதையின் ஓரமாகத் தனிக் கல் பதித்து ஓடும் பட்டை சைக்கிளுக்கு உரியது, அதில் நின்றால் மணி அடிப்பார்கள், அப்புறம் திட்டுவார்கள். காலிச் சாலையாக இருந்தாலும் சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும், பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் கட்டாயமாக. விளக்கில் தொப்பி போட்ட குட்டி மனிதன் தெரிந்தால் அது கிழக்கு ஜெர்மனியின் மிச்சம், நாடு போனாலும் அவன் போகவில்லை.

வெள்ளி: உட்கார்ந்தே பார்க்கும் ஊர்

காசு கொடுத்துச் சுற்றுலாப் பேருந்து ஏற வேண்டாம். ட்ஸூ நிலையத்திலிருந்து அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் போகும் 100-ஆம் எண் நகரப் பேருந்து மாடிப் பேருந்து. வெற்றித் தூண், ஜனாதிபதி மாளிகை, ரைஷ்டாக், உன்டர் டென் லிண்டன் சாலை என்று முக்கால்வாசி அஞ்சல் அட்டையும் அதன் ஜன்னலிலேயே வந்துவிடும். புறப்படும் இடத்திலேயே ஏறி மேல்மாடி முன்சீட்டைப் பிடியுங்கள். சாதாரணச் சீட்டே போதும், முத்திரை குத்தியிருந்தால்.

நடுவில் இறங்கி ரைஷ்டாக். மேலே போய் வந்தபின் நடந்தே பிராண்டன்பர்க் வாசல், அதைத் தாண்டி யூதர்களுக்கான நினைவிடம். 2,711 கான்கிரீட் பாளங்கள், தரை போகப்போகச் சரிந்து இறங்கும். ஓரத்தில் முட்டி உயரம் இருப்பது நடுவில் தலைக்கு மேலே போய்விடும். போவதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுங்கள்: பாளத்தின் மேல் ஏறிப் படம் எடுக்கக் கூடாது. யார் யாரோ எடுக்கிறார்கள் என்பான். எடுக்கட்டும். அங்கே நான் எதையும் விளக்குவதில்லை. தனித்தனியாக நுழைந்து எதிர்ப்பக்கம் சந்திக்கலாம் என்பேன், அவ்வளவுதான்.

நவம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் வெளியே பார்க்க வேண்டியதை மதியத்துக்குள் முடியுங்கள். அப்புறம் சாப்பாடு. இவன் சுத்த சைவம். பெர்லின் தெருவெல்லாம் கெபாப் கடை. பலகையில் "கெம்யூஸ கெபாப்" என்று இருக்கும், கெம்யூஸ என்றால் காய்கறி. நம்பி வாங்கினீர்களா, போச்சு. பெரும்பாலும் அது பொரித்த காய்கறியோடு வரும் கோழிக்கறி. சைவத்துக்கு ஃபலாஃபல் என்கிற கொண்டைக்கடலை வடை, இல்லையென்றால் ஹலூமி என்கிற பாலாடைக்கட்டி. தண்ணீர் கேட்டால் சோடாதான் வரும், அதற்கும் காசு. "ஷ்டில்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். இரண்டு நாள் கொதிக்கவைத்துக் குடித்தான், மூன்றாம் நாள் விட்டுவிட்டான்.

ஒன்றுக்குப் போவதைப் பற்றி: ரயில் நிலையங்களில் காசு. சில்லறையை அவன் சட்டைப் பையிலேயே போட்டுவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் உங்களிடம் கேட்கக் கூச்சப்படுவான். அருங்காட்சியகத்திலோ காபி குடித்த கடையிலோ கிளம்பும்போது, வருகிறதோ இல்லையோ, போய்விட்டு வரச் சொல்லுங்கள்.

சனி: ஒரு சுவர், ஒரு ரயில் நிலையம்

பெர்லின் சுவரைப் பார்க்க எல்லோரும் ஓவியம் வரைந்த ஈஸ்ட் சைட் கேலரிக்குப் போவார்கள். படத்துக்கு அது நல்லது. நான் பெர்னவர் தெருவுக்குக் கூட்டிப் போவேன். நோர்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்குங்கள். நாடு பிரிந்திருந்தபோது மேற்கின் ரயில்கள் கிழக்குக்கு அடியில் நிற்காமல் ஓடிய மூடிய நிலையங்களில் இதுவும் ஒன்று. நிலையத்துக்குள்ளேயே அதைப் பற்றிப் படங்கள் வைத்திருக்கிறார்கள்.

மேலே வந்தால் தெரு. 1961 ஆகஸ்ட் 13-இல் எல்லையை மூடியபோது இந்தத் தெருவில் வீடு கிழக்கு, வாசல் நடைபாதை மேற்கு. ஜனங்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஐடா ஸீக்மன் என்ற பெண்மணி அப்படிக் குதித்து ஆகஸ்ட் 22-இல் இறந்துபோனார். சுவர் இருந்த இடத்தில் இப்போது துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். நேராக நின்றால் கம்பிகளுக்கு நடுவே அந்தப்பக்கம் தெரியும். சாய்வாக நடந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து முழுச் சுவராகிவிடும். இதை வாயால் சொல்லாதீர்கள், நண்பனை முன்னால் நடக்கவிடுங்கள்.

கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன தேவாலயம். முன்பு அங்கே இருந்த தேவாலயம் எல்லைச் சுவர்களுக்கு நடுவே அகப்பட்டு யாரும் போக முடியாமல் கிடந்தது, 1985-இல் கிழக்கு ஜெர்மனி அதை வெடிவைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் 2000-இல் மண்ணாலேயே புதிதாகக் கட்டினார்கள். திமிசு போட்டு இறுக்கிய மண், அடுக்கடுக்காக. பழைய தேவாலயத்தின் செங்கல் துண்டுகள் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும். நண்பன் உள்ளே போனதும் கையுறையைக் கழற்றிச் சுவரைத் தடவினான். "எங்க அப்பாயி வீடு மாப்ள" என்றான். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குத் திட்டத்தில் இருந்த அருங்காட்சியகத்தை அடித்துவிட்டேன்.

மாலையில் ஃபிரீட்ரிஷ் தெரு நிலையம். பக்கத்திலேயே 'கண்ணீர் மாளிகை'. மேற்கிலிருந்து பார்க்க வந்தவர்களைக் கிழக்கிலிருந்தவர்கள் வழியனுப்பிய எல்லைக் கூடம் அது. அனுமதி இலவசம், திங்கள் விடுமுறை. நமக்கு இங்கே இன்னொரு கதை உண்டு. 80-களில் ஈழத்தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இந்த நிலையம் வழியாகத்தான் மேற்குக்குப் போய் அடைக்கலம் கேட்டார்கள். இரண்டு பெர்லினுக்கும் நடுவில் இருந்ததை எல்லையாகவே மேற்கு ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பக்கத்தில் பாஸ்போர்ட் பார்க்கவில்லை. நான் கறிவேப்பிலை வாங்கும் கடைக்கார ஐயாவிடம் நண்பனைக் கூட்டிப் போனேன். "உந்த ஸ்டேசனுக்குள்ளாலதான் தம்பி நாங்களும் வந்தனாங்கள்" என்றார், காசை எண்ணிக்கொண்டே. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார், தேடி வையுங்கள்.

ஞாயிறு

கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே பாலும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள். காலையில் பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயில். யூ7 சுரங்க ரயில் பாதையில் பிளாஷ்கோஅல்லே நிறுத்தம். திருநீறு வைத்ததும் நண்பனின் முகமே மாறிவிட்டது. பிறகு டெம்பல்ஹோஃப், 2008-இல் மூடிய விமான நிலையம், இப்போது பூங்கா. ஓடுபாதையில் நடுவாக நடக்கலாம். காற்றில் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தோம்.

மிச்ச நேரத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தேன். எனக்குத் துணி துவைக்க வேண்டியிருந்தது. அடித்தளத்தில் இயந்திரம் சுற்றச் சுற்ற, நாலு நாளில் பேசாததையெல்லாம் அங்கேதான் பேசினோம்.

கிளம்பும்போது சமையலறை மூலையில் காலிப் பிளாஸ்டிக் பாட்டில்கள் ஒன்பது நின்றன. ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் முன்பணம் உண்டு, கடையில் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும், ஆனால் இன்றைக்குக் கடை இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு ரயிலேறினான். திங்கட்கிழமை போட்டேன், 2.25 யூரோ. சீட்டைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து பதில் வந்தது: "225 ரூவா. என் பங்கு 112.50. அபராதத்துல கழிச்சுக்க மாப்ள."