ஆன்டிலோப் கேன்யனா? போனில் 'பீனிக்ஸ்' நேரம் வையுங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஆன்டிலோப் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு டூருக்கு முந்தைய இரவே, போனில் தானாக நேரம் மாறும் வசதியை அணைத்துவிட்டு, நேர மண்டலத்தை 'பீனிக்ஸ்' (அரிசோனாவின் தலைநகர்) என்று வையுங்கள். கோடையில் அரிசோனா கடிகாரத்தை மாற்றாது. நவாஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவாஹோ நேஷனும் பக்கத்து மாநிலமான யூட்டாவும் மாற்றுவதால், ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கேன்யனுக்கு அருகே உள்ள பேஜ் ஊரில் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைத்தான் காட்டும். கேன்யன் நவாஹோ நிலம்தான், ஆனால் டூர் கிளம்புவது பேஜ் நேரப்படி, அதாவது அரிசோனா நேரப்படி. போனை நம்பினால் ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான்.

நவாஹோ நிலத்தில் உள்ள இன்னொரு சுற்றுலாத் தலமான மானுமென்ட் வேலிக்கு இது தலைகீழ்: அங்கே நவாஹோ நேரம், அதே நேரம் ஓடும் 'டென்வர்' நகரத்தை வையுங்கள். பீனிக்ஸிலேயே விட்டால் டூரே போய்விடும். நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு முன்புவரை எங்கும் ஒரே நேரம். எதையும் தொடத் தேவையில்லை.