2027 முழுச் சூரிய கிரகணம்: போகும் இடத்திலும் பார்க்கும் விதத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. நிலாவின் நிழல் ஸ்பெயினின் தென்கோடி, மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவூதி, ஏமன், சோமாலியா வழியாகக் கடக்கிறது. எகிப்தின் லக்ஸர் அருகே 6 நிமிடம் 23 விநாடி முழு மறைப்பு. இதைவிட நீண்டது 2114-இல்தான் வரும்.

"99 சதவீதம் மறைந்தால் போதாதா?" என்று பாதைக்கு வெளியே தங்கிவிடுவதுதான் பெரிய தவறு. சூரியன் முழுநிலாவைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம். ஒரு சதவீதம் மிஞ்சினாலே 4,000 முழுநிலா வெளிச்சம். சூரியனைச் சுற்றியுள்ள மங்கலான ஒளி வளையமான கரோனா கண்ணில் படாது. கெய்ரோவும் ரியாத்தும் பாதைக்கு வெளியே. ஜெத்தாவில் இருக்கும் நம்மவர்களுக்கு மொட்டைமாடியிலேயே ஏறக்குறைய 6 நிமிடம் கிடைக்கும். வேலை நாள் என்பதால் விடுப்பை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பாதைக்குள் இருந்தால் மட்டும் போதாது. ஓரத்தில் உள்ள ஸ்பெயினின் மலகாவில் 2 நிமிடம்கூட இல்லை. தென்மேற்கே தரிஃபாவில் நாலரை நிமிடத்துக்கு மேல். நிழல் பாதையின் நடுக்கோடு எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு அறை பிடியுங்கள்.

அடுத்தது கிரகணக் கண்ணாடி. 2019 டிசம்பர் 26-இல் கோவை, திண்டுக்கல் பக்கம் பார்த்தது கங்கணக் கிரகணம், அதாவது நிலாவைச் சுற்றிச் சூரியன் வளையமாக மிஞ்சும் கிரகணம். அதில் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. முழுக் கிரகணத்தில் கழற்றாவிட்டால் கரோனாவைத் தவறவிடுவீர்கள். கண்ணாடி வழியே கடைசிக் கீற்றும் மறைந்து ஒன்றுமே தெரியாதபோது கழற்றுங்கள். மேற்கு விளிம்பில் முதல் ஒளிப்பொட்டு தெறித்ததும் மாட்டிவிடுங்கள். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது பிறகுதான் புரியும். எக்ஸ்ரே படம், புகையேற்றிய கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் ஆகாது. சூரியனைப் பார்க்கும் கண்ணாடிக்கான ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் உள்ள கண்ணாடியிலும் கீறலோ ஓட்டையோ இருந்தால் தூக்கிப்போடுங்கள்.

அதே கண்ணாடியோடு பைனாகுலரில் பார்ப்பது இன்னும் ஆபத்து. குவிந்த ஒளி அந்தத் தாளையே பொசுக்கிவிடும். சூரிய ஒளி வடிகட்டி, சூரியனைப் பார்த்திருக்கும் முன் லென்ஸின் மேல் இருக்க வேண்டும். முழு மறைப்பின்போது மட்டும் அதைக் கழற்றலாம்.

லக்ஸரில் அந்த மதியம் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். நின்று அண்ணாந்தால் கழுத்து தாங்காது. பாயில் படுத்துப் பாருங்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர், குடையும் தண்ணீரும் கட்டாயம். குழந்தைகளுக்கு இடியாப்ப அச்சைத் தரைக்கு மேல் பிடித்துக் காட்டுங்கள்: ஒவ்வொரு ஓட்டையும் ஒரு குட்டிப் பிறைச் சூரியனாக விழும்.