ஃபயர் டேப்லெட்டில் பிளே ஸ்டோர் இல்லையா? எஃப்-ட்ராய்டு போதும்

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த அமேசான் ஃபயர் டேப்லெட்டில் பிளே ஸ்டோரை ஏற்றப் பாடுபட வேண்டாம். டேப்லெட்டிலேயே இருக்கும் சில்க் பிரவுசரில் எஃப்-ட்ராய்டு தளத்துக்குப் போங்கள். பிளே ஸ்டோர் மாதிரி அதுவும் ஒரு செயலிக் கடை. அந்த ஒரு செயலியை மட்டும் நிறுவுங்கள். வெளியிலிருந்து செயலி நிறுவ அனுமதி கேட்கும். கொடுங்கள், வேலை முடிந்ததும் சில்க்குக்குக் கொடுத்த அனுமதியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

இந்த டேப்லெட்டின் இயங்குதளமான ஃபயர் ஓஎஸ் ஆண்ட்ராய்டின் மேல் கட்டியது என்பதால், ஆண்ட்ராய்டு செயலிகளை நிறுவும் ஏபிகே கோப்பு நேராகவே ஏறும். எஃப்-ட்ராய்டில் இருப்பவை திறந்த மூலச் செயலிகள், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம். பெரும்பாலும் கூகுள் சேவைகள் இல்லாமலே ஓடும். வீடியோ பார்க்க விஎல்சி, பாட்காஸ்ட் கேட்க ஆன்டெனாபாட் எல்லாம் கிடைக்கும். எனக்கு ரொம்பப் பயன்படுவது ஆர்கானிக் மேப்ஸ். பாளையங்கோட்டையில் வைஃபை இருக்கும்போதே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால், காரையாறு, மாஞ்சோலைப் பக்கம் நெட் இல்லாமலே திறக்கும். ஆனால் பல ஃபயர் மாடல்களில் ஜிபிஎஸ் கிடையாது. வரைபடம் தெரியும், நீங்கள் நிற்கும் இடம் தெரியாது.

யுபிஐ, வங்கிச் செயலிகளுக்கு இந்த வழி ஒத்துவராது. அதற்கு சிம் உள்ள ஃபோன்தான் சரி.