சர்வர் நின்றால் கடிதம் தொலையாது, அவசரப்பட்டால் தொலையும்

கப்பலூரில் ஒரு சிறு தொழிற்சாலையின் மெயில் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவு அதிலிருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை டெபியன் 12-லிருந்து 13-க்கு ஏற்றினேன். கடிதங்களைப் பெட்டியில் போட்டு ஊழியர்களுக்குக் காட்டும் டவ்காட் என்ற மென்பொருள் எழ மறுத்தது.

டெபியன் 13-இல் வருவது டவ்காட் 2.4. அதற்கு 2.3-இன் அமைப்புக் கோப்பு செல்லாது. எந்தப் பதிப்புக்கான கோப்பு என்பதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். 'மெயில் லொகேஷன்' என்ற ஒற்றை வரி 'மெயில் டிரைவர்', 'மெயில் பாத்' என இரண்டாகிவிட்டது. சான்றிதழைக் காட்டும் வரிக்கும் புதுப்பெயர். பழைய கோப்பு இருக்கட்டுமா என்று நிறுவும்போதே கேட்டது. படிக்காமல் என்டரைத் தட்டியிருந்தேன்.

ஆனாலும் அதுவரை ஒரு கடிதமும் தொலையவில்லை. டவ்காட் படுத்துவிட்டால், வெளியிலிருந்து கடிதங்களை வாங்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் அவற்றை வரிசையில் வைத்துக்கொண்டு, இயல்பாக 5 நாள்வரை மறுபடி மறுபடி முயலும். பொறுமையாகக் கோப்பைத் திருத்தியிருக்கலாம். பதற்றத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த போஸ்ட்ஃபிக்ஸையும் மறு அமைப்பு செய்தேன். எந்தெந்த டொமைன்களுக்கு (முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) இந்தக் கணினியே முடிவிடம் என்று அது கேட்டது. நிறுவனத்தின் டொமைனை எழுதினேன். அங்கேதான் வினை. ஊழியர்களின் அஞ்சல் பெட்டிகள் தனிப் பட்டியலில் இருந்தன. முடிவிடம் என்று எழுதிய டொமைனுக்கோ போஸ்ட்ஃபிக்ஸ் இந்தக் கணினியின் லினக்ஸ் கணக்குகளில்தான் ஆளைத் தேடும். அப்படிக் கணக்கு ஒருவருக்கும் இல்லை. முடிவிடப் பட்டியல், அஞ்சல் பெட்டிப் பட்டியல் என இரண்டு இடத்திலும் ஒரே டொமைன் இருக்கக்கூடாது என்று லாக் (சர்வரின் பதிவேடு) எச்சரித்தது. அதைப் பார்க்காமல் தூங்கப் போனேன். விடியும்வரை வந்தவர்களுக்கெல்லாம் 550, 'அப்படி ஒரு பயனர் இல்லை' என்று பதில் போனது.

4-இல் தொடங்கும் பதில் என்றால் அனுப்பும் சர்வர் பிறகு வந்து பார்க்கும். 5 என்றால் திரும்பிப் பார்க்காது. "ஆர்டர் அனுப்பினால் திரும்பி வருகிறதாமே, தம்பி?" என்று திங்கட்கிழமை முதலாளி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

இப்போதெல்லாம் மேம்படுத்தும் முன்பே போஸ்ட்ஃபிக்ஸில் 'சாஃப்ட் பவுன்ஸ்' அமைப்பை 'யெஸ்' ஆக்கிவிடுகிறேன். போகிற 5 எல்லாம் 4 ஆகிவிடும். (வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் குப்பை அஞ்சல்காரனும் திரும்பத் திரும்ப வருவான்.) குழப்பம் மிஞ்சினால் போஸ்ட்ஃபிக்ஸையே நிறுத்திவிடுவேன்; பதிலே கிடைக்காவிட்டாலும் அனுப்பும் சர்வர் பிறகு வந்து பார்க்கும்.

அமைப்பைச் சோதிக்கும் 'போஸ்ட்ஃபிக்ஸ் செக்' கட்டளை எதுவும் சொல்லவில்லை என்று நிம்மதி கொள்வதும் தவறுதான். நான் எழுதிய டொமைன் சரியா என்று அது பார்ப்பதில்லை. அலுவலகத்துக்குள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. கைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, வெளிக்கணக்கிலிருந்து ஒரு கடிதம் அனுப்பி, அது வந்து சேர்வதை லாகில் பார்த்த பிறகே கப்பலூரிலிருந்து பஸ் ஏறுகிறேன்.