வெயில் பாதி, நம் கைங்கரியம் பாதி

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் என் வலது புறங்கையில் பழுப்பாக ஒரு தடம் விழுந்தது. மணிக்கட்டில் தொடங்கி, விரல் இடுக்கு வரை தண்ணீர் ஒழுகி ஓடிய மாதிரியே இருந்தது. பூச்சி ஏதோ ஊர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். தோல் மருத்துவர் பார்த்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எலுமிச்சம்பழம் தேய்ச்சீங்களா?"

தேய்த்திருந்தேன். கருமை போகட்டும் என்று அரை மூடியை முகத்திலும் கையிலும் தேய்த்து, முகத்தை மட்டும் நன்றாகக் கழுவிவிட்டுத் துணி உலர்த்த வெயிலுக்குப் போய்விட்டேன். எலுமிச்சையில் ஃபியூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால் அந்த இடம் வெந்துபோகும். அன்றைக்கே தெரியாது என்பதுதான் இதில் மோசம். ஓரிரு நாள் கழித்துச் சிவக்கும், சிலருக்குக் கொப்புளமே வரும், பிறகு கருத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும். கருமையைப் போக்கப் போய் காசு செலவில்லாமல் கருமையை வாங்கி வந்தேன். வெயில் பக்கமே போகாவிட்டாலும் எலுமிச்சை முகத்துக்கு ஆகாது. புளிப்பைச் சொல்லும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) அதற்கு 2 முதல் 3, நம் தோலுக்கு 5 வாக்கில். அந்தப் புளிப்பு தோலின் மேல் அடுக்கை அரித்துவிடும்.

எலுமிச்சைக்கு அடுத்தபடி நாம் நம்புவது ஸ்க்ரப். வெயிலில் கருத்த தோலை அழுக்கு மாதிரி நினைத்துத் தேய்க்கிறோம். அந்தக் கருமை மேலே ஒட்டியிருக்கும் தூசி அல்ல. வெயிலைத் தாங்கிக்கொள்ளத் தோலே உள்ளே உற்பத்தி செய்த மெலனின் என்ற நிறமி. மேல்தோல் உதிர்ந்து புதுப்பிக்க ஏறக்குறைய நான்கு வாரம் பிடிக்கும். அதற்குள் மறுபடி வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் கருமை தானாகக் குறையும். பொறுக்காமல் தேய்த்தால் தோல் புண்படும். நம் மாதிரி மாநிறத் தோல், புண்பட்டால் இன்னும் கருக்கிற தோல்.

இனி சன்ஸ்கிரீன். "நான் தினமும் போடுகிறேன், ஒரு பயனும் இல்லை" என்பவர்களிடம் நான் கேட்பது, ட்யூப் எத்தனை நாள் வருகிறது என்றுதான். வெயில் சுடாமல் எவ்வளவு காக்கும் என்று சொல்ல அட்டையில் போடும் எஸ்.பி.எஃப். எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் தடவிச் சோதித்து வந்த எண். முகத்துக்கும் கழுத்துக்கும் அந்த அளவு வேண்டுமென்றால், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை நீளமாகப் பிதுக்க வேண்டும். முதல் தடவை பிதுக்கிப் பாருங்கள், "இவ்வளவா!" என்று தோன்றும். முகம் வெள்ளையாகிவிடும், பாதி பாதியாக இரண்டு முறை தடவினால் உள்ளே இறங்கும். இப்படித் தினம் ஒருமுறை போட்டாலே 50 கிராம் ட்யூப் ஒன்றரை மாதத்தில் காலியாகிவிடும். உங்களுக்கு அது ஆறு மாதம் வருகிறது என்றால் நீங்கள் சன்ஸ்கிரீன் போடவில்லை, தொட்டுக்கொள்கிறீர்கள்.

எண்ணைத் துரத்துவதும் வீண். எஸ்.பி.எஃப். 30, சரியான அளவில் போட்டால், தோலைச் சுடும் புற ஊதா பி கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 தடுப்பது 98. கொஞ்சமாகத் தடவிய 50-ஐ விட நிறையத் தடவிய 30 மேல். எண்ணோடு 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்றோ பி.ஏ. (PA) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று நான்கு கூட்டல் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். புற ஊதா ஏ கதிருக்கான காவல் அது. கருமைக்கும் சுருக்கத்துக்கும் அந்தக் கதிருக்குப் பெரிய பங்கு உண்டு, சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் அது தாண்டி வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் கருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்து வழிந்தாலோ துடைத்தாலோ உடனே, திரும்பப் போட வேண்டும். மேக்கப்புக்கு மேல் எப்படிப் போடுவது என்றால், நேர்மையான பதில், சிரமம்தான். குடையும் அகலத் தொப்பியும் அந்த இடத்தில் கைகொடுக்கும். ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள், அந்த எண் கிடைக்கும் அளவுக்கு யாரும் ஃபவுண்டேஷன் அப்புவதில்லை. காது மடல், பின்கழுத்து, பாதத்தின் மேற்புறம் மூன்றையும் மறக்காதீர்கள். செருப்பு வாரின் அச்சு காலில் விழுந்திருந்தால் மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ட்யூபை வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவைத்தால் சூட்டில் கெட்டுவிடும்.

முகம் பிசுபிசுக்கிறதே என்று நாளுக்கு ஐந்து முறை சோப்பு போடுவது அடுத்த தவறு. கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறதா? சுத்தமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை, தோலுக்குக் காவலாக இருந்த எண்ணெயும் போய்விட்டது என்று பொருள். ஃபேஸ் வாஷ் காலையும் மாலையும் போதும், நடுவில் வெறும் தண்ணீர். கோடையில் மாய்ஸ்சரைசரையே விட்டுவிடுவதும் வேண்டாம், கெட்டியான க்ரீமுக்குப் பதில் ஜெல் வகைக்கு மாறுங்கள். லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்தால் முகம் பளபளக்கும் என்பது ஆசை. தாகத்துக்குக் குடியுங்கள், தோலின் வறட்சிக்கு மேலே தடவுவதுதான் வழி. ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி வையுங்கள், நேராக வைத்தால் அதுவும் சுடும்.

வேர்க்குருவுக்கு எண்ணெயோ கெட்டி க்ரீமோ தடவாதீர்கள். வியர்வைக் குழாய் அடைபட்டதால் வந்தது அது, மேலும் அடைப்பானேன்? தளர்வான பருத்தி உடை, காற்று, வியர்த்த உள்ளாடையை உடனே மாற்றுவது, இவ்வளவுதான் வைத்தியம்.

ஆனால் தொடை இடுக்கிலோ மார்புக்கு அடியிலோ ஓரம் தடித்து வட்டமாக அரித்தால் அது படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவை க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், ஆஹா என்று இருக்கும். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே போகும், உருவமும் மாறிவிடுவதால் பிறகு மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினம். இதே ஸ்டீராய்டு சில சிவப்பழகு க்ரீம்களிலும் ஒளிந்திருக்கிறது. முதல் சில வாரம் முகம் வெளுத்துப் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு வரும், முடி வளரும். நிறுத்தினால் முகம் எரியும், எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே தடவுவோம். க்ரீம் அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்ற பெயர்கள் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் பழகிவிட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

கன்னத்தில் மங்கு இருப்பவர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும், அயர்ன் ஆக்சைடு உள்ள நிறம் கலந்த சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்கினால் நல்லது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மங்கைக் கூட்டும், வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. கர்ப்ப காலத்தில் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) உள்ள க்ரீம் வேண்டாம். மற்றவர்கள் அதை இரவில் மட்டும் போடலாம். மேலுதட்டில் வேக்ஸிங் செய்வதாக இருந்தால் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் முடியோடு தோலும் உரிந்து வரும்.

பருவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை எடுப்பவர்கள் சிலருக்குக் கொஞ்ச நேர வெயிலிலேயே தோல் வெந்துவிடும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அப்படித்தான். புதிதாக மாத்திரை தொடங்கிய பிறகு வெயிலைத் தாங்க முடியவில்லை என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம், சீட்டை எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே போய்க் கேளுங்கள்.