வீட்டு பிளான் போடுறதுக்கு முன்னாடி இந்த கணக்கை போடுங்க

கன்னியாகுமரி மாவட்டத்துல மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் புதுசா எழும்புற வீடுகளைப் பாருங்க, நிறைய வீடு நாலு பெட்ரூம், இருக்கப்போறது வயசான அப்பாவும் அம்மாவும். கல்ஃப்ல ஒரு ரூம்ல ஆறு பேரோட கட்டிலுக்கு மேல கட்டில் போட்டு படுக்குறவனுக்கு ஊர்ல ஆளுக்கொரு ரூம் வேணும்னு தோணத்தான் செய்யும், அதை குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பொண்ணு கேட்டு வர்றவங்க முகப்பை பாப்பாங்கன்னு கட்டுறது வேற கதை.

முதல்ல ஒரு பேப்பர்ல ஒவ்வொரு ரூமுக்கும் நேரா, வருஷத்துல எத்தனை ராத்திரி அதுல ஆள் படுக்கும்னு எழுதுங்க. நாலாவது ரூமுக்கு 'கிறிஸ்துமஸுக்கு தம்பி குடும்பம் வரும்'னு பதில் வந்தா, அதுக்கு விலை போடுங்க. 10க்கு 12 ரூம், சுவரோட 150 சதுர அடி, சதுர அடி 2,200னு வெச்சா 3.3 லட்சம். அதையே 8.5% வட்டிக்கு 20 வருஷ லோன்ல எடுத்தா மாசம் 2,860 ரூபா பக்கம் வரும், தம்பி வந்தாலும் வராட்டியும். அந்த காசுக்கு வருஷாவருஷம் நல்ல லாட்ஜ்லயே ரூம் போட்டுக் கொடுக்கலாம்.

அடுத்தது அடுக்களை. முன்னாடி மாடுலர் கிச்சன் பளபளன்னு இருக்கும், மீன் கழுவுறது, தேங்கா திருவுறது, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிக்கிறது எல்லாம் பின்னாடி ஒர்க் ஏரியாங்கற ரெண்டாவது அடுக்களையிலதான், அப்ப முன்னாடி இருக்கறது யாருக்கு? காத்து வர்ற ஒரே அடுக்களையா பெருசா போடுங்க. ரெண்டு மாடி உசரத்துக்கு திறந்து விடுற டபுள் ஹைட் ஹால் வேண்டவே வேண்டாம், ஒட்டடை அடிக்க ஆள் தேடி அலையணும்.

எல்லை தாண்டி கேரளாவுல பாறசாலை பக்கம் கட்டுறவங்க இன்னொன்னு பாக்கணும், கேரளாவுல 278.7 சதுர மீட்டர், அதாவது 3,000 சதுர அடி தொட்டா பில்டிங் டாக்ஸ் போக வருஷாவருஷம் கூடுதல் வரியும் (முன்னாடி லக்ஸுரி டாக்ஸ்னு சொன்னது) உண்டு. 2011 சென்சஸ்லயே கேரளா முழுக்க 11 லட்சத்துக்கு மேல வீடு ஆளில்லாம கிடந்துச்சு.

பிற்காலத்துல கூடுதல் ரூம் தேவைப்படும்னு பயமா? அஸ்திவாரத்தை மட்டும் மாடி தாங்குற மாதிரி இன்ஜினியர்கிட்ட கேட்டு போட்டுட்டு, படிக்கட்டுக்கு வெளிய இடம் விடுங்க. பில்லர் கம்பியை மொட்டையா நீட்டி விடாதீங்க, நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, துரு அரிச்சிரும், விட்டே ஆகணும்னா சிமெண்ட் பால் (தண்ணியில கரைச்ச சிமெண்ட்) அடிச்சு மெலிசா கான்கிரீட் போட்டு மூடச் சொல்லுங்க.